மூவாயிரம் கோயில், ஒரு முழங்கால்

பலூன்ல போனேன்னு சொன்னா நம்ம பசங்க முதல்ல கேக்குறது "பயமா இல்லையா?" ரெண்டாவது "எவ்ளோடா ஆச்சு?" ரெண்டாவதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். ஒரு ஆளுக்கு முந்நூறு டாலருக்கு மேல. ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தா என்னோட ஒரு வருஷ ட்யூஷன் ஃபீஸுக்குப் பக்கத்துல வரும். கொடுத்தது சிங்கப்பூர்ல இருக்குற சித்தப்பா. அதனால எனக்கு வலிக்கல. பயம் இருந்துச்சா என்றால், இருந்தது. ஆனா அது உயரத்தைப் பத்தின பயம் இல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதறேன்.

2020 ஜனவரி. நான் செகண்ட் இயர். பொங்கல் லீவோடு நாலு நாள் சேர்த்துப் போட்டுட்டு தாத்தாவைக் கூட்டிக்கிட்டு பர்மா போனேன். மியான்மர்னு சொல்லணும்தான். ஆனா எங்க வீட்டுல யாரும் அப்படிச் சொன்னதே இல்ல. நாங்க இருக்குற ஏரியா பேரே பர்மா காலனி. ஞாயித்துக்கிழமைன்னா தெருமுனை வண்டியில அத்தோ கிடைக்கும். தாத்தா 1947ல ரங்கூன்ல பிறந்தவர். அவங்க அப்பாவுக்கு அங்க ஒரு சின்ன மளிகைக் கடை. 1962ல நே வின் ராணுவ ஆட்சியைப் பிடிச்சாரு. அடுத்த ரெண்டு வருஷத்துல கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினாங்க. 1964 மே மாசம் 50, 100 சாட் நோட்டும் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. (2016 நவம்பர்ல நம்ம ஊர்ல அது நடந்தப்போ, வீட்டுல பதறாம உட்கார்ந்திருந்த ஒரே ஆள் தாத்தாதான். "எனக்கு இது ரெண்டாவது தடவை"ன்னாரு.) அப்புறம் கப்பல், மெட்ராஸ், முகாம், காலனி. அந்த வருஷங்கள்ல மூணு லட்சம் பேர் கிட்ட அப்படி வந்திருக்காங்க.

சரி, இதுல பலூன் எங்க வந்துச்சு? அந்தக் கடையில ஒரு காலண்டர் தொங்குச்சாம். பகான் சமவெளியோட படம். ஒரு கோபுரத்து மேல நின்னு எடுத்தது. பார்வைக்கு எட்டுற வரைக்கும் கோயில். ஸ்கூல்ல அங்க டூர் கூட்டிட்டுப் போனப்போ தாத்தா காசு கேட்டிருக்காரு. "அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு அவங்க அப்பா சொல்லியிருக்காரு. அடுத்த வருஷம் கடையே இல்ல.

படத்துல இருந்தது மாதிரி பார்க்கணும்னா ஏதாவது ஒரு கோயில் மேல ஏறணும். அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் ஏறுவாங்க. ஆனா 2016 ஆகஸ்ட் 24ஆம் தேதி 6.8 அளவுல ஒரு நிலநடுக்கம். சுமார் 400 கோயில்கள் சேதம். அதுக்கப்புறம் மேல ஏறத் தடை போட்டுட்டாங்க. தடை இல்லன்னாலும் தாத்தாவால ஏற முடியாது. இடது முழங்காலுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம்கூட ஆகல. ஆக, மேல இருந்து பார்க்க மிச்சம் இருந்த ஒரே வழி பலூன்.

அந்த பலூன் ஃபாரத்துலதான் பிரச்சனை. ஆன்லைன்ல சீட் போடும்போது கேட்டிருந்தாங்க: சமீபத்துல ஆபரேஷன் நடந்திருக்கா, முதுகு, முழங்கால் பிரச்சனை உண்டா, ஒரு மணி நேரம் நிக்க முடியுமா? நான் எல்லாத்துக்கும் சாதகமா டிக் போட்டேன். தாத்தாகிட்ட கேக்கல. கேட்டா உண்மையைச் சொல்லிடுவாரு, சீட் போயிடும்.

ரங்கூன்ல ரெண்டு நாள் இருந்தோம். தாத்தா ஃப்ரேஸர் தெருவைத் தேடினாரு. அதுக்கு இப்போ அனோரதா சாலைன்னு பேரு. காளி கோயில் அங்கேயே இருக்கு, கோபுரம், பொம்மை, பூக்கடையோட அச்சு அசல் நம்ம ஊர். கடை இருந்த சந்து தெரிஞ்சது. கடை தெரியல. அங்க ஒரு செல்போன் கடையும் ஒரு டீக்கடையும் இருந்துச்சு. ரெண்டுல எதுன்னு தாத்தாவால முடிவு பண்ண முடியல. டீக்கடையில டீ குடிச்சிட்டு வந்துட்டோம்.

அந்த அனோரதா யாருன்னா, பகானைப் பெரிய ராஜ்ஜியமா ஆக்கின மன்னர். 11ஆம் நூற்றாண்டு, நம்ம ராஜேந்திர சோழன் காலத்தை ஒட்டி. அவர்ல ஆரம்பிச்சு 13ஆம் நூற்றாண்டு முடியற வரைக்கும் கட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல கட்டினதா சொல்றாங்க. இன்னைக்கும் 3,500க்கு மேல நிக்குது. எல்லாம் செங்கல். கருங்கல் கோயிலையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதல்ல செங்கல் சூளைகள் நிக்கிற மாதிரிதான் தெரிஞ்சது. உள்ள போனப்புறம்தான் வாய் அடைச்சுப் போச்சு. அவங்க செங்கல்லயே உண்மையான ஆர்ச் கட்டியிருக்காங்க. நம்ம பழைய கோயில்கள்ல பெரும்பாலும் தூண் மேல உத்தரம், அதுக்கு மேல கல்பலகை. சிவில் பசங்களுக்கு வித்தியாசம் புரியும்.

முதல் நாள் இ-பைக் வாடகைக்கு எடுத்து, தாத்தாவைப் பின்னாடி உட்கார வெச்சு சுத்தினேன். எந்தக் கோயில் வாசல்லயும் செருப்பு மட்டும் இல்ல, சாக்ஸையும் கழட்டணும். தாத்தா ஒவ்வொரு தடவையும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நின்னு கழட்டினாரு. அப்பவே எனக்கு வயித்தைக் கலக்க ஆரம்பிச்சது. இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் நிக்கணும், கூடையில ஏறணும், இறங்கும்போது குந்தணும்.

கோட்டைச் சுவருக்குள்ள நத்-லாவ்ங்-சாவ்ங்னு ஒரு கோயில். பகான்ல மிச்சம் இருக்குற ஒரே இந்துக் கோயில் அதுதான், பெருமாள் கோயில். இங்க வந்து போன நம்ம பக்கத்து வணிகர்கள் பத்தி அங்க வெச்சு தாத்தாவுக்குச் சொன்னேன். பகான்ல 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. மலைமண்டலத்து மகோதயர்பட்டணம், அதாவது இன்னைக்குக் கொடுங்கல்லூர், அங்கிருந்து வந்த குலசேகர நம்பின்னு ஒருத்தர், நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, எரியறதுக்கு ஒரு விளக்கும் கொடுத்ததா அதுல இருக்கு. நானாதேசிகள்னா பல தேசம் சுத்தி வியாபாரம் பண்ணின கூட்டம். தாத்தா கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "கதவு போட்டதைக்கூட எழுதி வெச்சிருக்கான் பாரு. எங்கப்பா கடைக்கு தேக்குல கதவு போட்டாரு. சீல் வெச்சதுக்குத்தான் பேப்பர் கொடுத்தாங்க"ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல.

அன்னைக்கு ராத்திரி ஹோட்டல் வைஃபைல நான் செஞ்ச முட்டாள்தனம், பலூன் விபத்துகளைத் தேடிப் படிச்சது. 2013 பிப்ரவரி 26ல எகிப்து லக்சர்ல, இதே மாதிரி பழைய கோயில்களுக்கு மேல சுத்திக் காட்டுற பலூன், இறங்கும்போது தீப்பிடிச்சு 19 பேர் செத்துட்டாங்க. அதைப் படிச்சதும் தூக்கம் போச்சு. மனசை மாத்த தெர்மோடைனமிக்ஸ் கணக்கு போட்டேன். (சிரிக்காதீங்க. அந்த செமஸ்டர்ல அந்தப் பேப்பர்ல நான் பார்டர் பாஸ்.)

விடியற்காலையில வெளிக்காற்று 15 டிகிரின்னு வெச்சா ஒரு கன மீட்டர் காற்றோட எடை சுமார் 1.225 கிலோ. பலூனுக்குள்ள 95 டிகிரின்னா சுமார் 0.959. வித்தியாசம் 0.266 கிலோ. ஒரு கன மீட்டருக்கு கால் கிலோ சொச்சம் தூக்கும், அவ்ளோதான். 16 பேர் போற பலூனுக்கு 8,500 கன மீட்டர்னு வெச்சுக்கிட்டா மொத்தம் 2,260 கிலோ. துணி, கூடை, கேஸ் சிலிண்டர், ஆளுங்க எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். தாத்தா 58 கிலோ. அவரை மட்டும் தூக்கவே 218 கன மீட்டர் சூடான காற்று வேணும். நம்ம கிளாஸ்ரூம் ஒண்ணு நிறைய. அந்தக் கணக்கு வந்ததும் ஏனோ கொஞ்சம் தைரியம் வந்துச்சு. கணக்குல முழங்கால் எங்கயும் வரல.

காலையில அஞ்சே காலுக்கு ஹோட்டல் வாசல்ல மரப் பாடி போட்ட ஒரு பழைய பஸ் வந்து நின்னுச்சு. நல்ல குளிர். தாத்தா குரங்குக் குல்லாவும், அதுக்கு மேல அம்மா கொடுத்தனுப்பின சால்வையும் போட்டிருந்தாரு. மைதானத்துல நாற்காலி போட்டு டீ, பிஸ்கட். கும்மிருட்டுல தரையோட தரையா பலூன்கள் படுத்திருந்துச்சு. முதல்ல பெரிய ஃபேன் வெச்சு சாதாரணக் காற்றை ஊதுறாங்க. பாதி ரொம்பினதும் பர்னரைத் திருப்பி நெருப்பு. அந்தச் சத்தம் எந்த வீடியோலயும் வராது. புரோப்பேன் பத்திக்கிற அந்த 'புஸ்ஸ்' சத்தத்துக்குப் பக்கத்துல இருந்த நாய்ங்க எல்லாம் ஓடிருச்சு.

எங்க பைலட் ஒரு வெளிநாட்டு அம்மா, அம்பது வயசு இருக்கும். இறங்கும்போது எப்படி உட்காரணும்னு செஞ்சு காட்டினாங்க. போற திசைக்கு முதுகு காட்டி, கூடைச் சுவத்துல முதுகை ஒட்டி, முழங்காலை மடிச்சு, கயித்துப் பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும். கடைசியா, "முதுகு, முழங்கால் பிரச்சனை யாருக்காவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க"ன்னாங்க. தாத்தாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் நல்லாவே புரியும். அவர் என்னைப் பார்த்தாரு. நான் டீயைப் பார்த்தேன்.

கூடைக்குப் படி கிடையாது. கூடைச் சுவத்துலயே காலை விட ஓட்டை விட்டிருக்காங்க, அதுல கால் வெச்சு ஏறிக் குதிக்கணும். உலகம் எவ்வளவோ மாறிப்போச்சு, பலூன் கூடை மட்டும் இன்னும் பிரம்புலதான் பின்றாங்க. தரையில மோதும்போது அது வளைஞ்சு அதிர்ச்சியை வாங்கிக்கும். தாத்தா வலது காலை மட்டும் நம்பி ஏறினாரு. நான் கீழ இருந்து தாங்கினேன், உள்ள இருந்து ஒரு பர்மாப் பையன் இழுத்தான். ஏறினதும் தாத்தா சால்வையைச் சரி பண்ணிக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி நின்னாரு.

கிளம்பினது தெரியவே இல்ல. லிஃப்ட்ல வர்ற அந்த வயித்து ஆட்டம் கிடையாது. பூமி கீழ போச்சு, அவ்ளோதான். காத்தே வீசல. ஏன்னா நாமளே காத்தோட சேர்ந்து போறோம். பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. ஒவ்வொரு உயரத்துலயும் காத்து கொஞ்சம் கொஞ்சம் வேற திசையில போகும். ஏறி இறங்கி எந்தக் காத்து வேணுமோ அதைப் பிடிக்கிறதுதான் பைலட்டோட வேலை. விடிகாலையில மட்டும் பறக்கறதும் அதனாலதான். வெயில் ஏறிட்டா தரை சூடாகி காத்து கன்னாபின்னான்னு மேல எழும்ப ஆரம்பிச்சிடும்.

எங்களுக்குக் கிடைச்ச காத்து தெற்குப் பக்கம். பின்னாடி ஷ்வேசிகோன் பகோடாவோட தங்கம் முதல்ல மின்னுச்சு. திலோமின்லோ கிட்டத்துல வந்துட்டுப் போச்சு. வலது பக்கம் ஆனந்தா, வெள்ளைக் கட்டடத்து மேல தங்க முடி. அதுக்குப் பின்னாடி தட்பின்யு, 61 மீட்டர், பகான்லயே உயரமானது. அதையும் தாண்டி ஐராவதி ஆறு, பால் பாத்திரத்துல ஆடை படிஞ்ச மாதிரி மூடுபனி. ஆனா பெரிய கோயில் எல்லாம் போஸ்ட்கார்டுலயே பார்த்தாச்சு. என்னை அசத்தினது சின்னதுங்கதான். கடலைக் காட்டு நடுவுல ஒண்ணு. பனைமரத்து நிழல்ல ரெண்டு. ஒரு வீட்டுக் கொல்லையில ஒண்ணு, அதைச் சுத்தி மாடு கட்டியிருக்கு. ராஜா கட்டினது கொஞ்சம்தான், மீதியெல்லாம் அமைச்சர், அதிகாரி, வசதியான குடும்பம்னு ஆளாளுக்கு புண்ணியத்துக்குக் கட்டினது. மேல இருந்து பார்த்தாத்தான் அந்தக் கூட்டம் புரியுது.

இன்னொண்ணும் மேல இருந்துதான் தெரியுது. நிறைய கோயில்களோட மண்டை மட்டும் புதுச் செங்கல் கலர். 1990கள்ல ராணுவ அரசு இஷ்டத்துக்குப் புதுசா கட்டி ஒப்பேத்தினது. பகான் உலகப் பாரம்பரியச் சின்னமா ஆக 2019 ஜூலை வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனதுக்கு அதுவும் ஒரு காரணம். நம்ம ஊர்ல கும்பாபிஷேகத்துக்குக் கோயில் சுவத்துல மணல் அடிச்சுச் சிற்பத்தோட மூக்கைத் தேய்ச்சவங்க ஞாபகம் வந்துச்சு.

நேர் கீழ தம்மயான்ஜி வந்துச்சு. பகான்லயே பெரிய உடம்பு கொண்ட கோயில். நரதுன்னு ஒரு மன்னன், அப்பாவையே கொன்னுட்டு அரியணை ஏறி இதைக் கட்டினதா கதை. ரெண்டு செங்கல்லுக்கு நடுவுல ஊசி நுழைஞ்சா கொத்தனாரோட கையை வெட்டிடுவானாம். தாத்தா கூடை விளிம்புல ரெண்டு கையையும் வெச்சு எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. "இதுதான்டா. படத்துல நடுவுல இருந்தது இதுதான்"ன்னாரு. அப்புறம், "படத்துல இவ்வளவு பனைமரம் இல்ல"ன்னாரு.

நான் அவர் முகத்தைப் பார்க்கல. உண்மையைச் சொன்னா கோயிலையும் பாதி நேரம் பார்க்கல. அவரோட இடது காலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அரை மணி நேரமா நின்னதுல அது லேசா நடுங்க ஆரம்பிச்சிருந்துச்சு. அவர் எடையையெல்லாம் வலது காலுக்கு மாத்திக்கிட்டே இருந்தாரு. கீழ வேன்ல வந்துக்கிட்டு இருந்த ஆளுங்களோட பைலட் வாக்கி டாக்கில பேச ஆரம்பிச்சப்போ, இனி பத்து நிமிஷத்துல இறங்கப் போறோம்னு புரிஞ்சது. அந்த முழங்கால் மடியாது. குந்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியல.

சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும், என்னோட அரைகுறை இங்கிலீஷ்ல. ஆபரேஷன், மாசம், ஃபாரத்துல பொய் சொன்னது, எல்லாம். பைலட் அம்மா கத்தல. என்னை ஒரு நொடி பார்த்தாங்க. "இதைக் கீழ சொல்லியிருக்கணும்"ன்னாங்க. அந்த ஒரு நொடி போதும், சாமி. அப்புறம் மளமளன்னு வேலை நடந்துச்சு. தாத்தாவை மூலைக்கு நகர்த்தி, முதுகை ஒட்டி நிக்க வெச்சு, முழங்காலை லேசா மட்டும் தளர்த்தச் சொன்னாங்க. ஒரு பக்கம் நான், மறுபக்கம் எங்ககூட வந்த ஒரு பிரெஞ்சுக்காரர். ரெண்டு பேரும் அவரை அழுத்திப் பிடிச்சுக்கணும். முதல்ல இறங்குறதா இருந்த காட்டை விட்டுட்டாங்க. பர்னரை ரெண்டு தடவை அடிச்சு, ஒரு வரிசைப் பனைமரத்தைத் தாண்டி, மண்ணு பொலபொலன்னு உழுது போட்டிருந்த ஒரு காட்டைத் தேர்ந்தெடுத்தாங்க.

முதல் இடி லேசா இருந்துச்சு. ரெண்டாவது நிஜ இடி. கூடை இழுத்துக்கிட்டு ஒரு ஏழெட்டு மீட்டர் போச்சு, மண்ணு உள்ள தெறிச்சது, ஒரு பக்கமா சாய்ஞ்சது. நான் தாத்தாவோட சால்வையைக் கிழியுற அளவுக்குப் பிடிச்சிருந்தேன். ஓடி வந்த பசங்க பத்துப் பேர் கூடை மேல விழுந்து அமுக்கினாங்க. மேல உச்சித் துணி திறந்து பலூன் சுருங்கிச்சு. கூடை நிமிர்ந்து நின்னுச்சு. தாத்தாவும் நின்னுக்கிட்டு இருந்தாரு, கண்ணை மூடிக்கிட்டு.

கன்னத்துல தனாக்கா பூசின ஒரு பையன் கூடைக்குள்ள எட்டிப் பார்த்து, "அபோ, யலா?"ன்னான். தாத்தா நல்லா இருக்கீங்களான்னு அர்த்தம். தாத்தா கண்ணைத் திறந்து, "யபாடே, யபாடே"ன்னாரு. அந்தப் பையனுக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம் தாத்தா நிறுத்தவே இல்ல. நாற்காலி போட்டு உட்கார வெச்சாங்க. மத்தவங்க ஷாம்பெயின் குடிச்சுக்கிட்டு இருந்தப்போ இவர் பசங்களைச் சுத்தி உட்கார வெச்சு பர்மிய மொழியில பேசிக்கிட்டு இருந்தாரு. நடுவுல ஃப்ரேஸர் தெருன்னு ஒரு தடவை காதுல விழுந்துச்சு. காட்டுக்காரர் பனங்கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தாரு. தாத்தா கடிச்சுப் பார்த்துட்டு, நம்ம உடன்குடி கருப்பட்டி அளவுக்கு இல்லன்னு எனக்கு மட்டும் தமிழ்ல சொன்னாரு.

நான் பைலட் அம்மாகிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உன் தாத்தாகிட்டக் கேளு"ன்னு சொல்லிட்டு கேஸ் சிலிண்டரைக் கழட்டப் போயிட்டாங்க.

பஸ்ல வரும்போது தாத்தாவே ஆரம்பிச்சாரு. "அந்தப் பேப்பர்ல என்னடா எழுதின?"

"முழங்கால் நல்லா இருக்குன்னு எழுதினேன் தாத்தா."

"என்னைக் கேட்டிருந்தா நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்"னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா நீ எழுதியிருக்கக் கூடாது"ன்னாரு. அதுக்கு மேல அதைப் பத்தி அவர் இன்னைக்கு வரைக்கும் பேசல.

ரெண்டு மாசத்துல கொரோனா வந்து எல்லா பலூனும் நின்னுச்சு. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி அங்க மறுபடியும் ராணுவம். அன்னைக்கு தாத்தா டிவியை ஆஃப் பண்ணிட்டு ரொம்ப நேரம் திண்ணையில உட்கார்ந்திருந்தாரு. அந்தத் தனாக்கா பையனோட பேர் உனக்கு ஞாபகம் இருக்கான்னு என்கிட்டக் கேட்டாரு. எனக்கு இல்ல.

ஊருக்குத் திரும்பின வாரமே முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் மடக்கிப் பார்த்தாரு, எக்ஸ்ரே பார்த்தாரு, எல்லாம் சரியா இருக்குன்னாரு. "லேசா வீக்கம் மட்டும் இருக்கு. எங்கயாவது விழுந்தீங்களா பெரியவரே?"

"இல்லீங்க. பலூன்ல போனேன்"னாரு தாத்தா.

டாக்டர் சிரிச்சுக்கிட்டே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாரு.